கடைக்கோடியில் தொடங்கும் காடி

பலகையில் நீளவாக்கில் எடுக்கும் குறுகிய பள்ளத்துக்குத் தச்சு வேலையில் காடி என்று பெயர். கதவுச் சட்டத்துக்குள் நடுப்பலகை உட்கார்ந்திருப்பது இதில்தான். அதைப் பசை போட்டு ஒட்டாமல் சும்மா செருகிவைப்பார்கள். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பச்சை மரம் முழுதாகக் காயும்போது நீளத்தில் குறைவது பொதுவாக 0.1 முதல் 0.2 சதவீதம்தான், அகலத்திலோ பல சதவீதம். காடிக்குள் நகர இடமிருந்தால் பலகை வெடிக்காது.

இதை வெட்டும் காடி இழைப்புளிக்கு அகலமான அடிப்பாகம் கிடையாது. செங்குத்தாக நிற்கும் மெல்லிய தகடுதான் அடி. அது உளியைவிட மயிரிழை அளவு குறுகலாக இருக்கும். இல்லாவிட்டால் பள்ளத்தின் சுவரில் சிக்கிக்கொள்ளும். பலகையின் பக்கவாட்டை உரசியபடி வரும் வழிகாட்டிக் கட்டை, காடி எவ்வளவு உள்ளே தள்ளி விழவேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. ஆழத்துக்கு ஒரு தடுப்பு உண்டு. அது மரத்தில் முட்டியபின் எவ்வளவு தள்ளினாலும் சீவல் வராது.

இவ்வளவு இருந்தும் என் முதல் காடி பாம்பு போல நெளிந்தது. கிட்ட இருக்கும் முனையில் வைத்து மறுமுனை வரை ஒரே மூச்சில் தள்ளியிருந்தேன். மரத்தின் நார்கள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் அல்ல. அவை சாயும் பக்கமே உளியும் போகப் பார்க்கும், கட்டை பலகையை விட்டு விலகும்.

சரி, எப்படித் தொடங்குவது? கடைக்கோடியில். மறுமுனைக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் வைத்து ஒரு சின்னச் சீவல். அடுத்தது அதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து. இப்படிப் பின்வாங்கிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு தள்ளிலும் புது மரத்தைக் கடிப்பது கொஞ்ச தூரம்தான். அதன்பின் ஏற்கெனவே வெட்டிய தடத்துக்குள் தகடு இறங்கிவிடும். தவறினாலும் அந்தக் கொஞ்ச தூரத்தோடு போகும். தடம் முழு நீளத்துக்கும் விழுந்தபின் தாராளமாக நீளத் தள்ளலாம்.

கைகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வலது கை முன்னால் தள்ளுவதோடு சரி. இடது கை கட்டையைப் பலகையோடு அணைத்துப் பிடிப்பதோடு சரி. இடது கையும் தள்ளப்போனால் இழைப்புளி சாயும், காடியும் சாய்ந்தே இறங்கும். அந்தச் சாய்வை ஆழத் தடுப்பு திருத்தாது.

நாரோடு போகும்போது பக்கச் சுவர்கள் தாமாகவே சுத்தமாகப் பிரியும். நாருக்குக் குறுக்கே போனால் அப்படியல்ல, ஓரங்கள் பிய்ந்துவரும். அதற்கு உளிக்கு முன்னால் இரு ஓரங்களையும் கீறிச் செல்லும் சிறு கத்திகள் வேண்டும். எதிர்நாரில் போனால் உளி நாரின் அடியில் புகுந்து நெம்பும். வெடிப்பு உளிக்கு முன்னால் ஓடும், காடியின் அடி கரடுமுரடாகும். அதற்கு நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. செருகிய பலகை அதை மறைத்துவிடும், சீவலை மட்டும் மெல்லிசாக வைத்துக்கொண்டால் போதும்.

திசை பார்த்து வசதிக்காகப் பலகையைத் திருப்பிப் போடுவதுதான் பெரிய தப்பு. சட்டத்தின் எல்லாத் துண்டுகளிலும் கட்டை முகப்புப் பக்கத்தையே உரச வேண்டும். ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் அப்போது வித்தியாசம் பின்பக்கம் போய்விடும். முன்னால் காடிகள் ஒன்றோடொன்று நேராகச் சேரும்.