கற்கண்டாகத் தவறிய சீனி

புல்மோட்டை மணலை உருக்கினால் கண்ணாடி கிடைக்குமா என்று திருகோணமலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கறுப்பு மணலில் பெருமளவு இல்மனைட். அதாவது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. கண்ணாடிக்கு வேண்டியது வெள்ளைச் சிலிக்கா மணல். அதில் கொஞ்சம் இரும்பு கலந்தாலே போத்தல் பச்சையாகிவிடும். தனிச் சிலிக்கா உருக 1700 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். சலவைச் சோடா (சோடியம் காபனேற்று) சேர்த்தால் உலை 1500 பாகையளவில் நிற்கலாம். அந்தக் கண்ணாடி நீரில் கரையாதிருக்கச் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள்.

உருகிய குழம்பு ஆறும்போது ஏன் பளிங்காகாமல் கண்ணாடியாகிறது? பளிங்காக, அணுக்கள் இடம் மாறி வரிசைக்கு வரவேண்டும். அதற்கு நேரம் தேவை. குழம்போ ஆற ஆறத் தடிக்கிறது. வரிசை கூடுமுன் அசைவே நின்றுபோனால், திரவத்தின் தாறுமாறான அடுக்கு அப்படியே உறைந்துவிடும். சாதாரண சன்னல் கண்ணாடிக்கு இது 550 பாகையை அண்டி நடக்கிறது.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். கற்கண்டு பளிங்கு; தெளிந்த ரொபி கண்ணாடி. இரண்டும் சீனிதான். 200 கிராம் சீனி, 80 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி தேசிப்புளி எடுங்கள். சீனி கரைந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள், பிறகு கிண்டவே கூடாது. பாத்திர ஓரத்தை ஈரத் தூரிகையால் துடையுங்கள். 150 பாகை வந்ததும், எண்ணெய் பூசிய உலோகத் தட்டில் ஊற்றுங்கள். வெப்பமானி இல்லையா? குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். இறுகி, 'டக்'கென்று ஒடிந்தால் பதம் சரி. சூடான பாகு தோலில் ஒட்டிச் சுடும், சிறுவர்களைத் தனியே விடாதீர்கள்.

ஓரத்தில் ஒட்டிய ஒரேயொரு சீனிப் பருக்கை உள்ளே விழுந்தாலும் போதும், மற்ற மூலக்கூறுகள் அதைப் பிடித்து வரிசை கட்டி, பாகு முழுவதும் பூத்துவிடும். தேசிப்புளி சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் பிளக்கிறது. அளவொவ்வாத அவை இடையில் நின்று வரிசையைக் குலைக்கும். 130 பாகையிலேயே இறக்கினால் மிஞ்சிய நீர் மூலக்கூறுகளை வழுக்கவிடும், தகடு வளையும். நம்மூர்க் கடற்காற்றில் நல்ல தகடும் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். ஆறியவுடன் காற்றுப்புகாத போத்தலில் மூடுங்கள்.

சுடுதேநீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை வெடித்தால் கண்ணூறு என்கிறோம். உட்பக்கம் சூட்டில் விரிய, வெளிப்பக்கம் விரியாமல் இழுபடுகிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் மெல்ல ஆறவிடாத குவளையில் அந்த இழுவை முன்பே உறைந்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மிளகாய் சுற்றிப் போடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கருமுட்டையையும் முளையத்தையும் உறையவைத்துச் சேமிப்பதும், வரிசை கூடுமுன் அசைவை நிறுத்தும் இதே வழியில்தான். மெல்ல உறைந்தால் பனிப்பளிங்கு கலத்தைக் கிழித்துவிடும். ஆகவே நீர் பனியாவதைத் தடுக்கும் எதிலீன் கிளைக்கோல் போன்றவற்றைச் செறிவாக ஊறவிட்டு, −196 பாகைத் திரவ நைதரசனில் சட்டென அமிழ்த்துகிறார்கள், நீர் கண்ணாடியாகிறது. எலி முளையங்களில் 1985இல் இது கைகூடியது. வெளியே எடுக்கும்போதும் அதே அவசரம் வேண்டும். மெல்லச் சூடேற்றினால், அசைவு திரும்பிய நீர் உருகுமுன்னே வரிசை கட்டத் தொடங்கிவிடும். அதனால் நைதரசனிலிருந்து எடுத்த நொடியிலேயே 37 பாகைக் கரைசலுக்குள் விடுகிறார்கள்.