எந்த ஃபிரேம் ஏற்கெனவே படத்தில் இருக்கிறது?

ஒரு மூதாட்டி ஊசியில் நூல் கோக்கிறார். கை லேசாக நடுங்குகிறது. நூலின் முனையை உதட்டில் நனைத்து, கண்ணைச் சுருக்கி, மூன்றாவது முயற்சியில் கோத்துவிடுகிறார். நான் எடிட் செய்த ஓர் ஆவணப்படத்தில் இந்த ஷாட் 7ஆவது நிமிடத்தில் வந்தது. 52ஆவது நிமிடத்திலும் வந்தது. இரண்டாவது முறை வைத்தபோது, அதே ஷாட்டின் வேறொரு பகுதியைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நடுவில் மூன்று மாதம் ஓடிவிட்டது. முதல் பாதி எனக்கே பாதி மறந்திருந்தது. படத்தை முதல்முறையாகப் பார்த்தவர்களுக்கோ அது 45 நிமிட இடைவெளிதான். "அந்த அம்மா இப்பதானே நூல் கோத்தாங்க?" என்று ஒருவர் உடனே கேட்டுவிட்டார்.

கதைப்படத்தில் இந்தச் சிக்கல் குறைவு. காட்சி எண், ஷாட் எண், டேக் எண் எல்லாம் இருக்கும். எந்தத் துண்டு எங்கே போகும் என்பது பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே முடிவாகிவிடும். ஆவணப்படத்தில் எந்த ஷாட்டும் எங்கேயும் போகலாம். 80 மணி நேர ஃபுட்டேஜிலிருந்து 90 நிமிடப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனி அசையாப் படம்) கணக்கில் கையில் இருப்பது 72 லட்சம் ஃபிரேம். படத்தில் சேரப்போவது 1,35,000. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அந்த இரண்டு எவை, மிச்சம் 98 எவை என்று எந்த நேரத்திலும் சொல்ல முடிய வேண்டும். நினைவை நம்பி அது ஆகாது.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கணக்கை ஃபிலிமே வைத்துக்கொண்டது. நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டை எடிட்டர் கத்தரிப்பார். வேண்டிய துண்டு படத்தில் ஒட்டப்படும். மிச்சத் துண்டுகள், துணி விரித்த ஒரு தொட்டிக்கு மேலே வரிசையாக இருக்கும் கொக்கிகளில் தொங்கும். ஏற்கெனவே பயன்படுத்திய ஷாட்டை மறுபடி தேடிப் போனால் கொக்கியில் அது இருக்காது. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

நெகட்டிவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது ஒன்றுதான். எடிட்டிங் முடிந்ததும் ஃபிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டி ஒட்டுவார்கள். 1990இல் கோடாக் இந்த எண்களைப் பார்கோடாகவும் அச்சிட ஆரம்பித்தது. அதற்குக் கீகோடு என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் கம்ப்யூட்டர் எடிட்டிங் பரவியது. திரையில் ஒரு ஃபிரேமைப் பத்து இடத்தில் வைக்கலாம், நெகட்டிவில் அது ஓர் இடத்துக்குத்தான் போகும். இன்னோர் இடத்திலும் வேண்டுமென்றால் டியூப் நெகட்டிவ், அதாவது நகல் நெகட்டிவ், போட வேண்டும். செலவு கூடும், படத்தின் தரமும் ஒரு படி இறங்கும். ஆகவே "இந்த ஃபிரேம் ஏற்கெனவே போய்விட்டது" என்று மென்பொருளே எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆவிட் மீடியா கம்போசர் என்ற எடிட்டிங் மென்பொருளில் இன்றைக்கும் அந்த வசதியின் பெயர் டியூப் டிடெக்‌ஷன். ஃபிலிம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பலரும் நினைப்பதுபோல் அது படத்தைப் பார்ப்பதில்லை. மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் நாம் வைக்கும் கிளிப் உண்மையில் படமே அல்ல, ஒரு குறிப்புச் சீட்டு. "இந்தப் பெயருள்ள மூலத்தில், இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை காட்டு" என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் டைம்கோடு. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு ஈரிலக்க எண்களாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா கொடுக்கும் முகவரி.

நூல் கோக்கும் ஷாட்டையே, கேமரா கொடுத்த அசல் டைம்கோடுப்படி எடுத்துக்கொள்வோம். முதல் முறை 10:14:22:00 முதல் 10:14:27:00 வரை. இரண்டாவது முறை 10:14:25:10 முதல் 10:14:29:00 வரை. மென்பொருள் இவற்றை வெறும் ஃபிரேம் எண்ணாக மாற்றிக்கொள்ளும். நள்ளிரவிலிருந்து எண்ணினால் முதலாவது 9,21,550இல் தொடங்கி 9,21,675இல் முடிகிறது. அடுத்தது 9,21,635இல் தொடங்கி 9,21,725இல் முடிகிறது. இனி இரண்டே கேள்வி. முதலாவது தொடங்குவது அடுத்தது முடிவதற்கு முன்னாலா? அடுத்தது தொடங்குவது முதலாவது முடிவதற்கு முன்னாலா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இங்கே 9,21,635 முதல் 9,21,675 வரை, சரியாக 40 ஃபிரேம். ஒன்றரை நொடிக்குச் சற்று மேல். நூல் உள்ளே போகும் நொடி அதற்குள்தான் இருந்தது.

ஆயிரம் கட் இருக்கும் படத்தில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஐந்து லட்சம் ஒப்பீடு ஆகும். அதற்கு அவசியமில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்தவற்றைத் தனியாகப் பிரித்து, தொடங்கும் எண்படி வரிசையாக அடுக்கி, இதுவரை வந்தவற்றில் எது கடைசியாக முடிகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். அடுத்தது அந்த முடிவுக்கு முன்னாலேயே தொடங்கினால் மோதல். இதனால்தான் கிளிப்பை நகர்த்திய உடனேயே டைம்லைனில் மோதலைக் காட்டும் வண்ணக் கோடு தெரிகிறது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பயன்பட்டது, பயன்படாதது என்பது கிளிப்பின் குணம் அல்ல, அதற்குள் இருக்கும் பகுதியின் குணம். பலர் பயன்படுத்திய கிளிப்புக்கெல்லாம் ஒரு வண்ணம் பூசி வைப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். 20 நிமிட ஷாட்டில் 4 நொடி எடுத்ததற்காக முழு கிளிப்பும் சிவப்பாகிவிடும். அப்புறம் மிச்சம் 19 நிமிடம் 56 நொடியை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஃபைனல் கட் புரோ என்ற மென்பொருள், கிளிப்பின் அடியில் பயன்பட்ட பகுதிக்கு மட்டும் ஆரஞ்சுக் கோடு போட்டுக் காட்டும். அதுதான் சரியான வழி.

ஒரு ஷாட் மங்கி மறைய அடுத்தது மெல்லத் தெரிந்துவரும் டிசால்வ் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கும் உண்டு. ஒரு நொடி டிசால்வ், கட்டுக்கு இரு பக்கமும் சுமார் 12 ஃபிரேமை எடுத்துக்கொள்ளும். 27ஆவது நொடியில் முடிவதாக நாம் நினைக்கும் ஷாட், மங்கி மறையும்போது உண்மையில் 27:12 வரை திரையில் இருக்கிறது. அதே ஷாட்டை வேறிடத்தில் 27:05இலிருந்து தொடங்கினால், கட் எண்களில் மோதலே தெரியாது. திரையில் ஏழு ஃபிரேம் திரும்ப வரும்.

கணக்கு எளிது என்று இதற்குள் தெரிந்திருக்கும். கஷ்டமெல்லாம் "எந்த மூலம்" என்ற முதல் பாதியில்தான். பல கேமராக்களில் டைம்கோடு கடிகார நேரப்படி ஓடும். செவ்வாய் காலை 10:14க்கும் புதன் காலை 10:14க்கும் எண் ஒன்றே. ஒன்றாக இணைத்து ஓடும் இரண்டு கேமராக்களுக்கும் அப்படியே. மொபைலில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆக, எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. பெயரும் சேர வேண்டும். பெயரோ அதைவிட மோசம். கார்டை ஃபார்மட் செய்ததும் சி0001 என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும் கேமராக்கள் எத்தனையோ! அப்போது இரண்டு விதமான தவறு நடக்கும். வேறு வேறு ஷாட்டை ஒன்று என்று மென்பொருள் சொல்லும். அல்லது ஒரே ஷாட் இரண்டு பெயரில் உள்ளே வந்திருந்தால், இரண்டும் வேறு என்று சொல்லிச் சும்மா இருந்துவிடும். முதல் தவறு எரிச்சல்தான், பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

என் விஷயத்தில் நடந்தது அதுதான். நூல் கோக்கும் ஷாட் ஒருமுறை அசல் கோப்பாகவும், இன்னொருமுறை எடிட்டிங்குக்காகத் தயாரித்த சிறிய புராக்ஸி கோப்பாகவும் தனித்தனியாக இம்போர்ட் ஆகியிருந்தது. புராக்ஸியைத் தயாரித்தபோது அசலின் டைம்கோடு ஏறவில்லை. அது பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து ஃபுட்டேஜ் வந்த நாளிலேயே ஒவ்வொரு கார்டுக்கும் தேதி, கேமரா, கார்டு எண் சேர்ந்த ஒரு ரீல் பெயர் கொடுத்துவிடுகிறேன். கேமரா எழுதிய கோப்பின் பெயரை மாற்றுவதில்லை, ரீல் பெயரை, கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் மெட்டாடேட்டாவில்தான் போடுகிறேன். பழைய சிஎம்எக்ஸ் 3600 வகைக் கட் பட்டியலில் ரீல் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். இன்றும் பல இடங்களில் அந்த வடிவம் கேட்கிறார்கள், ஆகவே எட்டுக்குள் அடக்குவது நல்லது.

பெயரும் எண்ணும் இரண்டுமே தொலைந்துபோன ஃபுட்டேஜும் உண்டு. யாரோ அனுப்பிய நகல், பழைய டேப்பிலிருந்து மாற்றியது. அங்கே படத்தையே பார்க்க வேண்டியதுதான். ஃபிரேமைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9 கட்டம் அகலம் 8 கட்டம் உயரமாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டமும் வலப்பக்கத்துக் கட்டத்தைவிட வெளிச்சமா இருட்டா என்று குறித்தால் "ஆம்" அல்லது "இல்லை" என்று 64 பதில் கிடைக்கும். அது அந்த ஃபிரேமின் கைரேகை மாதிரி. வண்ணம் திருத்தினாலும், அளவு மாற்றினாலும் 64இல் ஒரு சிலதான் மாறும். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டிருந்தால் மட்டும் ஏமாந்துவிடும். திருப்பிய வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். பேட்டிகளில் இது கைகொடுக்காது. நிலையான கேமரா முன் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் எல்லா ஃபிரேமின் கைரேகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பேட்டிக்குக் கணக்கு எழுத்தில்தான் வைக்க வேண்டும். பேசியதை முழுவதும் டைம்கோடுடன் எழுதி, பயன்படுத்திய வாக்கியத்தை அடிக்கோடிடுவது பழைய முறை, இன்றும் அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. காரணம், குரல் ஓரிடத்தில் இருக்கும், முகம் இருக்காது. ஒருவர் சொல்லும் வாக்கியத்தை ஊசியும் நூலும் தெரியும் காட்சியின் மேல் ஓடவிட்டிருப்போம். படத்தை மட்டும் சரிபார்க்கும் வசதிக்கு அந்தப் பேட்டிப் பகுதி பயன்படாததாகவே தெரியும். அதையே பின்னால் முகத்தோடு வைத்தால், ஒரே வாக்கியத்தை அவர் இரண்டு முறை சொல்வார்.

இன்னொன்று, "படத்தில் இருக்கிறது" என்றால் எந்தப் படத்தில்? ஒரே புராஜெக்டில் பழைய கட், அதாவது படத்தின் முந்தைய வடிவம், ஆறு இருந்தால், பிரீமியர் புரோ மென்பொருள் காட்டும் பயன்பாட்டு எண்ணிக்கை அத்தனையையும் சேர்த்தே சொல்லும். நேர்மாறாக, படத்தை நான்கு பகுதியாகப் பிரித்து எடிட் செய்தால், டூப்ளிகேட் ஃபிரேம் காட்டும் கோடு திறந்திருக்கும் சீக்வென்ஸுக்குள், அதாவது அந்த ஒரு டைம்லைனுக்குள், மட்டுமே பார்க்கும். நான் பழைய கட்களைத் தனி புராஜெக்டுக்கு நகர்த்திவிட்டு, வாரக் கடைசியில் நான்கு பகுதியையும் ஒரே சீக்வென்ஸில் அடுத்தடுத்து ஒட்டி, கோடுகளைப் பார்த்துவிட்டு அதை அழித்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை. காப்பகத்திலிருந்து வாங்கும் காட்சிகளுக்குப் பெரும்பாலும் நொடிக்கணக்கில் கட்டணம் என்பதால், அதே சீக்வென்ஸிலிருந்து அவற்றின் பட்டியலையும் எடுத்துவைக்கிறேன்.

52ஆவது நிமிடத்து ஷாட்டை எடுத்தபின் அந்த இடம் காலியாக இருந்தது. ஃபுட்டேஜ் முழுவதிலிருந்தும் பயன்பட்ட பகுதிகளைக் கழித்துப் பார்த்தேன். அந்தக் கிளிப்பில் 10:14:22க்கு முன்னால் 11 நொடி யாரும் தொடாமல் கிடந்தது. நூல் கோப்பதற்கு முன், அந்த அம்மா ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, அதன் காது எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது 52ஆவது நிமிடத்தில் இருப்பது அதுதான்.