கிருபை: இரக்கம் மட்டும்தானா?

"எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்பார்கள். ஜெபத்திலும் சாட்சியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இந்தச் சொல் இருக்கிறது. கிருபை என்றால் என்னவென்று ஒரு பிள்ளை கேட்டால் மட்டும், 'இரக்கம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிப் பதில்தான்.

காரணம் சொல்லிலேயே இருக்கிறது. கிருபை என்பது வடமொழியின் 'கிருபா'. சபா என்பது சபை ஆனதுபோல, தமிழுக்கு வந்ததும் கடைசி ஆகாரம் ஐகாரமாயிற்று. துன்பப்படுகிறவரைப் பார்த்து மனம் கசிவதுதான் அதன் அடிப்படைப் பொருள். கஞ்சனைக் குறிக்கும் 'கிருபணன்' கூட இந்தக் குடும்பத்துச் சொல்தான். முதலில் பரிதாபத்துக்குரியவன் என்று பொருள், அப்புறம் கஞ்சன். (இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை என்றுதான் தோன்றுகிறது.)

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருப்பது 'காரிஸ்'. 150 முறைக்கு மேல் வருகிறது. பெரும்பகுதி அப்போஸ்தலனாகிய பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா' அதன் உறவுச் சொல். இனிமை, தயவு, விலையின்றிக் கொடுத்த ஈவு, அதைப் பெற்றவர் திருப்பிச் சொல்லும் நன்றி, எல்லாமே காரிஸ்தான். 'தேவன் அருளிய சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்' என்று 2 கொரிந்தியர் 9:15இல் வாசிக்கிறோமே, அங்கே ஸ்தோத்திரம் என்று இருப்பது மூலத்தில் காரிஸ். நற்கருணைக்குக் கிரேக்கர் சொல்லும் 'யூகாரிஸ்தியா'வுக்குள்ளும் இதே சொல்தான் இருக்கிறது. நன்றி சொல்லுதல் என்று பொருள்.

பவுல் இந்தச் சொல்லுக்கு எதிரே வைப்பது கூலியை. 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்' (ரோமர் 4:4). உழைத்தவருக்குக் கூலி கொடுக்காவிட்டால் அது அநியாயம். கிருபையை அப்படி யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. இரக்கத்துக்கும் கிருபைக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே பிடிபடும். வரவேண்டிய தண்டனையை விட்டுவிடுவது இரக்கம். அதோடு நிறுத்தாமல், எந்தத் தகுதியும் பார்க்காமல் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைப்பது கிருபை.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் இன்னொரு சிக்கல். எபிரெயத்தில் 'ஹேன்' என்று ஒரு சொல், 'ஹெசெத்' என்று ஒரு சொல். ஹேன் என்பது ஒருவர் கண்ணில் கிடைக்கும் தயவு: 'நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது'. ஹெசெத் என்பது உடன்படிக்கையை விட்டு விலகாத அன்பு. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று திரும்பத் திரும்ப வருவது இந்த ஹெசெத். ஆக, மூன்று சொற்களின் பாரத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் கிருபை ஒன்றே சுமக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு இதைப் பிரித்தது: சங்கீதத்தில் 'பேரன்பு', பவுலிடத்தில் 'அருள்'. இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஹேன் நம் பெயர்களிலும் ஒளிந்திருக்கிறது. அன்னாள், யோவான் (ஜான்) இரண்டும் அந்த வேரிலிருந்து வந்தவை. அருள் என்று ஒரு பிள்ளைக்கும் ஜான் என்று இன்னொரு பிள்ளைக்கும் பெயர் வைத்தவர்கள் ஏறக்குறைய ஒரே பெயரைத்தான் இரண்டு முறை வைத்திருக்கிறார்கள்.

சரி, தமிழ்ச்சொல் எது? அருள்தான். கத்தோலிக்கர் ஒரு காலத்தில் 'வரப்பிரசாதம்', 'இஷ்டப்பிரசாதம்' என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். இன்று 'அருள் நிறைந்த மரியே' என்றே ஜெபிக்கிறார்கள். குறளில் அருளுடைமைக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு. 'அருளென்னும் அன்பீன் குழவி' என்று அருளை அன்பு பெற்ற குழந்தையாகவே சொல்கிறது ஒரு குறள். உறவினர், நண்பர் என்று தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு. தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பிரித்துக் காட்டுகிறார் பரிமேலழகர். பவுல் சொல்ல வருவதற்கு இதைவிட நெருங்கிய விளக்கம் தமிழில் கிடைப்பது கடினம்.

அருளுக்கு இன்னொரு வசதி, அது வினையாகவும் நிற்கும். கிருபைக்கு அது முடியாது; கிருபை செய்ய வேண்டும், கிருபை அளிக்க வேண்டும். அதனால்தான் பழைய மொழிபெயர்ப்பும் 'கேட்டருளும்' என்று அருளிடமே போகிறது. 1 கொரிந்தியர் 15:10இல் அருளும் கிருபையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதற்காகத் தலைமுறைகளாக ஜெபித்துப் பழகிய கிருபையை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. அருளை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை வாசித்தால் போதும்.

வாசிக்காவிட்டால் என்ன ஆகும்? அன்றாடப் பேச்சில் கிருபை சுருங்கிவிடும். சுருங்கித்தான் இருக்கிறது. விபத்தில் தப்பினால் கிருபை, வேலை கிடைத்தால் கிருபை, பரீட்சையில் பாஸானால் கிருபை. நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் தப்பாதவர் வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கிருபையை வைத்தது மாதிரி ஆகிவிடுகிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில் அப்போது வந்ததுதான். முள் நீங்கியதாக எழுதப்படவில்லை.