ஜூன் 30-ஐத் தவறவிட்ட சான்றிதழ்

நிறுவன ஊழியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். மேடைப் பேச்சைப் பேசிப் பேசியே பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் பல வருடமாக உறுப்பினர். அங்கே நான் கல்வித் துணைத் தலைவராக, கிளப் வழக்கில் சொன்னால் 'விபி எஜுகேஷன்' ஆக இருந்த வருடம், ஐம்பதைத் தாண்டிய ஒரு வங்கி ஊழியர் புதிதாகச் சேர்ந்தார்.

முதல் பேச்சான ஐஸ் பிரேக்கருக்கு நான்கு முதல் ஆறு நிமிடம். அரை நிமிடம் முன்பின் ஆனால் பரவாயில்லை. அவர் 2 நிமிடம் 50 விநாடியில் நன்றி சொல்லி இறங்கிவிட்டார். நேரம் பார்க்கும் உறுப்பினரான டைமர், குறைந்தபட்ச நேரம் ஆனதும் காட்ட வேண்டிய பச்சை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நேரத்தைத் தொடாததால் சிறந்த பேச்சாளர் வாக்கெடுப்பிலும் அவர் பெயர் இல்லை.

அதற்கப்புறம் எட்டு மாதம், ஒரு கூட்டத்தைக்கூட அவர் விடவில்லை. வாக்கெடுப்பில் வென்றவருக்குக் கொடுக்கும் ரிப்பன் ஒன்றுகூட வாங்கவும் இல்லை. பேச்சு மட்டும் நீண்டுகொண்டே போனது. கையில் மடித்துப் பிடித்திருந்த தாள் ஒருநாள் சட்டைப் பைக்குள் போனது. பயிற்சித் திட்டத்தின் முதல் படியான லெவல் 1 முடித்தார். பயிற்சிகள் இருக்கும் பேஸ் கேம்ப் இணையதளத்தில் நான் ஒப்புதல் கொடுத்தேன். அதோடு வேலை முடிவதில்லை, நிர்வாகிகளுக்கான கிளப் சென்ட்ரல் இணையப் பக்கத்துக்குப் போய்த் தனியாக ஒருமுறை பதிய வேண்டும். அப்போதுதான் அது கிளப் கணக்கில் ஏறும். நான் பதியவில்லை. மறதிதான், வேறு காரணம் எதுவும் இல்லை. ஜூன் 30-ஓடு டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆண்டு முடிந்தது. ஜூலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது கண்ணில் பட்டது.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், சர்டிபிகேட்டுக்காகவா வர்றேன்?" என்று சிரித்தார். அக்டோபரில் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஒரு சான்றிதழ் வராததால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் அவரிடம் நடந்த மாற்றத்தை நாங்கள் யாருமே அவரிடம் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் ரிப்பன் கொடுத்தோம், கைதட்டினோம், படம் எடுத்தோம். எல்லாம் ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்த நான்கு பேரைச் சுற்றியே நடந்தது. ரிப்பன் அன்றைக்கு யார் முதலிடம் என்று காட்டும். ஒருவர் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்பது அதில் தெரியாது. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் ரால்ப் ஸ்மெட்லி இந்தக் கூட்டங்களைத் தொடங்கியதே பேசத் தெரியாதவர்களுக்குப் பேச்சுப் பழக்கம் வரட்டும் என்றுதான்.

நம் ஊர் மேடைகளில் பாராட்டுக்குப் பஞ்சம் இல்லை என்பீர்கள். சரிதான், என் வீட்டு அலமாரியில் நான்கு பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்றை அம்மா தையல் மெஷின் மேல் போர்த்தி வைத்திருக்கிறார். அவற்றை மேடையில் எனக்கு எதற்காகப் போர்த்தினார்கள் என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. 'அருமையாகப் பேசினார்' என்பதும் அந்தப் பொன்னாடை மாதிரிதான். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

மறுபடி பொறுப்புக்கு வந்தபோது பெரிதாக எதையும் மாற்றவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். டைமர் சொன்ன நேரம், பேச்சில் வரும் வெற்றுச் சொற்களை எண்ணும் 'ஆ கவுண்டர்' கொடுத்த 'வந்து', 'அதாவது' கணக்கு, கண்ணில் பட்ட ஏதாவது ஒரு விஷயம், அவ்வளவுதான் அதில் இருக்கும். கூட்டம் முடியும் முன் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருவரைப் பற்றி மட்டும் படிப்பேன். ஒருநாள் ஒரு பெண்ணைப் பற்றிப் படித்தேன்: "ஜனவரியில் இவர் பேச்சில் 'வந்து' பத்தொன்பது முறை. இன்றைக்கு நான்கு. அந்த இடத்திலெல்லாம் சும்மா நின்றார்." அந்தப் பெண் அவசரமாகப் பேனாவைத் தேடி எழுதிக்கொண்டார். சும்மா நின்றது நல்லது என்று அவருக்கு அதுவரை தெரியாது. தயங்கிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினால் கூசிப்போகிறவர்களும் உண்டு. ஒருவர் முன்கூட்டியே வந்து, "என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார். அவருக்கு ஒரு அட்டையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதனால் எப்படிப் பாராட்டலாம் என்று இப்போதெல்லாம் சேரும்போதே கேட்டுவிடுகிறேன். அலுவலக மேலாளருக்குத் தெரியப்படுத்தலாமா என்பதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போவதை அலுவலகத்தில் சொல்லாதவர்கள் நிறைய.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. கிளப்பின் வருடாந்திர 10 இலக்குகளில் 6 கல்வி சார்ந்தவை, அதாவது உறுப்பினர்கள் லெவல் முடிப்பதை வைத்துக் கணக்கிடுபவை. மே வந்ததும் நிர்வாகிகளுக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். பாதி தயாரான பேச்சுகளை வரிசையாக மேடையேற்றி லெவலை முடித்துக் கணக்கைக் காட்டுவார்கள். மாதத்தின் சிறந்த உறுப்பினர் விருதை முறை வைத்துச் சுற்றில் விடும் கிளப்பும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாதமே உறுப்பினர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அப்புறம் அந்த விருதுக்குக் கை மட்டும்தான் தட்டும். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்களே, பாராட்டுக்கும் அது பொருந்தும். கவனித்துக் கேட்டவர் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

பதிவு வேலையை இப்போது மறதிக்கு விடுவதில்லை. பேஸ் கேம்ப்பில் ஒப்புதல் கொடுத்த கையோடு கிளப் சென்ட்ரலைத் திறந்துவிடுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பேன், பத்து நிமிட வேலை. நோட்டின் முதல் பக்கத்தை அந்த வங்கி ஊழியருக்கு ஒதுக்கினேன். பழைய டைமர் தாள்களைத் தேடியெடுத்து, நேரங்களை வரிசையாக எழுதினேன். 2.50, 3.40, 4.15, 5.05, கடைசியாக 6.10. அதைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அந்த 6.10 எந்தப் பேச்சு சார்?"