ட்ரிகர் கனமாக இருப்பது பழுது அல்ல, அண்ணாச்சி

இந்த மாதமும் ஒரு புகார் வந்துவிட்டது. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். “ட்ரிகர் ரொம்பக் கனமா இருந்துச்சு அண்ணாச்சி, லேத் பட்டறையில குடுத்து ஸ்பிரிங்கைத் தேய்ச்சேன். இப்ப வெடிக்கவே மாட்டேங்கு” என்கிறார். எப்படி வெடிக்கும்? ஹேமர் என்கிற சுத்தியல் தோட்டாவை அடிப்பதற்கு அந்த ஸ்பிரிங்தானே பலம்!

ட்ரிகர் லேசாக இருந்தால் உசத்தியான துப்பாக்கி என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஹேமரைத் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷனில் ஒரே இழுப்பில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுற்றி, ஹேமர் பின்னே போய், விழவும் வேண்டும். நல்ல கம்பெனி ரிவால்வரிலேயே அதற்கு 4.5 முதல் 5.5 கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கும். ஹேமரைக் கையால் பின்னே இழுத்து நிறுத்திவிட்டால் 2 கிலோ போதும், வேலை பாதி முடிந்துவிட்டதல்லவா? இரண்டையும் ஒப்பிட்டு “பழுது” என்கிறார்கள். பெரும்பாலான ரிவால்வர்களில் தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது. அந்தக் கனமான, நீளமான இழுப்புதான் சேஃப்டி. அதைத் தேய்த்து எறிந்துவிட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கிறீர்கள்.

ட்ரிகரில் பார்க்க வேண்டியது வழுவழுப்பு. அமெரிக்கக் கம்பெனிகளையே பாருங்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸனில் இழுப்பு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக வரும். பழைய கோல்ட்டில் கடைசியில் இறுகும். சுடும் நொடியில் அதன் சிலிண்டர் அசையாமல் பூட்டிக்கொள்ளும், அழகான வேலைப்பாடு; ஆனால் சிலிண்டரைத் தள்ளும் நாக்கு தேய்ந்தால் டைமிங் போய்விடும், அதாவது தோட்டா பேரலுக்கு நேராக வந்து நிற்காது. ரூகரின் ட்ரிகர் கொஞ்சம் முரடு. சுருள் ஸ்பிரிங், பக்கவாட்டு மூடி இல்லாத கெட்டிச் சட்டம். உழைப்பில் அதற்குத்தான் என் ஓட்டு. நம் கான்பூர் ரிவால்வர் இங்கிலாந்தின் வெப்ளி ரிவால்வர் வழியில் வந்தது, நடுவில் மடங்கித் திறக்கும். அதில் ட்ரிகரை விட்டுவிட்டுக் கீலையும் மேல் கொக்கியையும் பாருங்கள். மூடியபின் பேரல் ஆடினால் சுடவே கூடாது.

ட்ரிகரும் ஹேமரும் உரசும் முனையில் அரம் போடுகிறவர்களை என்ன சொல்ல? பல மாடல்களில் மேல் தோல் மட்டுமே கடினப்படுத்தியது. அது போனால் இழுத்து நிறுத்திய ஹேமர் தானாக நழுவும். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறைக்காரரையும் சேர்த்து வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்று, குற்றாலம் பக்கம் சாரல், இரண்டுமே இரும்புக்கு ஆகாது. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது எண்ணெய் தடவி, உறையைக் கழற்றிக் கொடுங்கள். பழைய மாடலைத் தோட்டா இல்லாமல் வெறுமனே ‘டிக் டிக்’ என்று அடித்து விளையாடாதீர்கள், ஹேமர் முனை உடையும்.

ஏற்கெனவே ஸ்பிரிங்கைத் தேய்த்துவிட்டீர்களா? மறைக்க வேண்டாம். தோட்டாவை எடுத்துவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு லைசென்ஸ் உள்ள கடைக்குக் கொண்டுபோய் உள்ளதைச் சொல்லுங்கள். தேய்த்ததை வளைத்துச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். புது ஸ்பிரிங்தான் போட வேண்டும்.