முதல் நாள் போனால் மூன்று வருடம் போகும்

“தம்பி, திருவாதிரை வெடிக்கப் போவுதாமே, நமக்கு ஏதாச்சும் ஆவுமா?”

2020 ஜனவரி, ஆருத்ரா தரிசனம் முடிந்த வாரம். வாணியம்பாடியிலிருந்து குப்பம் போகும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், பால் கொண்டுவந்த பெரியம்மா கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன். அந்த நட்சத்திரம் 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. வெடித்தாலும் நமக்கு அது வானத்தில் ஒரு வெளிச்சம்தான். அந்தக் குளிர்காலத்தில் அது வழக்கத்தைவிட மங்கியதால்தான் வெடிக்கப் போகிறது என்ற பேச்சு. மங்கியதற்கு முக்கியக் காரணம் வேறு. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, திரைபோல் நடுவில் நின்றுவிட்டது.

உமிழ்ந்த அந்த வாயுதான் என் தொழில். சூப்பர்நோவாக்களின், அதாவது வெடித்துச் சாகும் விண்மீன்களின், நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) ஆராய்கிறேன். பெரிய விண்மீன்கள் சாவதற்கு முன் மேலுறையை இழக்கின்றன. கடைசி ஆண்டுகளில் எவ்வளவு இழந்தன, ஏன் இழந்தன என்பது இன்னும் தீராத கேள்வி. வெடித்ததும் பாயும் புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள வாயுவை ஒளிரவைக்கும். நிறமாலையில் மெல்லிய கோடுகள் எழும். பின்னாலேயே வெடிப்பின் சிதறல் வந்து அந்த வாயுவை விழுங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்மீனிலிருந்து வாயு கசியும் வேகம் நொடிக்குச் சுமார் 10 கி.மீ. சிதறலின் வேகமோ சுமார் 10,000 கி.மீ. வாயு ஆயிரம் நாள் நகர்ந்த தூரத்தைச் சிதறல் ஒரே நாளில் கடந்துவிடும். ஒரு நாள் தாமதித்தால், கிட்டத்தட்ட கடைசி மூன்று ஆண்டுக் கதை அழிந்துபோகும். 2013-இல் கண்ட எஸ்என் 2013எஃப்எஸ் என்ற சூப்பர்நோவாவை ஆறு மணி நேரத்துக்குள் பிடித்தார்கள். அதன் கோடுகள் இரண்டே நாளில் மறைந்தன.

2023 மே 19 அன்று ஜப்பானின் வானியல் ஆர்வலர் கோயிச்சி இட்டகாக்கி, சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் உள்ள எம்101 கேலக்ஸியில் ஒரு புதிய புள்ளியைக் கண்டார்; அது ஒரு சூப்பர்நோவா. சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தூரம். அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தேன். மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வடக்கே திருப்பினேன். புள்ளி தெரிந்தது. ஆனால் அதைச் சுமந்த கேலக்ஸியின் சுருள் கைகள் எதுவுமே தெரியவில்லை. பத்து வருடத்துக்கு முன் அதே மாடியில் அவற்றைப் பார்த்தவன் நான். எல்லை மலை இருட்டாகத்தான் இருந்தது. கெடுத்தது எங்கள் தெருவின் வெள்ளை எல்இடி விளக்குகள்.

இதை அழகு சம்பந்தப்பட்ட குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பழைய சோடியம் விளக்கின் ஒளி நிறமாலையில் பெரும்பாலும் சில இடங்களில்தான் நிற்கும், கழித்துவிடலாம். வெள்ளை எல்இடி நெடுகப் பரவும், அதிலும் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே நீல மேடாக எழும். நாங்கள் முதல் நாளில் தேடும் அயனி (எலக்ட்ரானை இழந்த) ஹீலியக் கோடு 468.6 நானோமீட்டரில், அந்த மேட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நம் விளக்குகள் மேலே வீசும் ஒளி, தூசியிலும் ஈரத்திலும் சிதறி அந்த வானத்துக்கும் போய்ச் சேரும்.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாம்பு, தேள் நடமாடும் ஊர் எங்களுடையது. வாங்கும்போது மஞ்சள் சாயலான ‘வார்ம் ஒயிட்’ கேளுங்கள். ஒளி தரையில் மட்டும் விழட்டும். திருவிழா முடிந்த இரவே போகஸ் லைட்டை இறக்கச் சொல்லுங்கள்.

பெரியம்மா மாட்டுக்கொட்டகை விளக்குக்குப் பழைய எண்ணெய் டின்னை வெட்டி மூடி போட்டிருக்கிறார். இப்போதுதான் பால் கறக்கும் இடத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.