அலையாத்திக் காடு பின்வாங்க இடம் இருக்கிறதா?

இயற்கைப் பாதுகாப்பு என்றால் இருப்பதை இருந்தபடியே காப்பது என்றுதான் நெடுங்காலமாகப் பொருள்கொண்டு வந்திருக்கிறோம். வரைபடத்தில் ஓர் எல்லை, எல்லைக்குள் வாழும் உயிரினங்களின் பட்டியல், பட்டியலில் எதுவும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்பதாக இலக்கு அமைந்திருந்தது. பருவநிலை ஏறத்தாழ நிலையாக இருந்தவரை அதில் பிழையில்லை. இப்போது எல்லைக்கோடு அங்கேயே நிற்க, அதற்குள் வந்து போகும் கடலின் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரின் வடகரையிலுள்ள அலையாத்திக் காடுகளில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

அலையாத்தி மரம் எங்கே வளரும் என்பதை, கடல்நீர் அந்த இடத்தை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் மூழ்கடிக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் கடல் வற்றியிருக்கும் வேளையில் நடைபாதையிலிருந்து குனிந்து பார்த்தால், வெண்கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பருமனில் எண்ணற்ற வேர்கள் மேல்நோக்கி நிற்பது தெரியும். இவை மூச்சுவேர்கள். இவற்றின் தோலிலுள்ள நுண்துளைகள் வழியே நுழையும் காற்றுதான், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புதைந்திருக்கும் வேர்களை உயிரோடு வைத்திருக்கிறது. நீர் வடிந்திருக்கும்போது மட்டுமே இது நடக்கும் என்பதால், கடல்மட்டம் உயர்ந்து அந்த நேரம் சுருங்கச் சுருங்க மரம் நலிந்து, கடைசியில் பட்டுப்போகிறது.

இதற்குக் காட்டிடமே ஒரு விடை இருக்கிறது. வேர்களிடையே நுழையும் நீரின் வேகம் தணியும்போது அது சுமந்துவரும் வண்டல் படிகிறது. மண்ணுக்குள் மெல்லிய வேர்கள் பெருகுவதாலும் மடிந்தவை மெதுவாகவே மக்குவதாலும் தரை சிறிது சிறிதாக உயர்கிறது. ஆனால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கடந்த 10,000 ஆண்டுகளின் வண்டல் படிவுகளை ஆராய்ந்து 2020இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் பங்கேற்றனர். கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் அலையாத்திகளால் ஈடுகொடுக்க முடியாமல் போக மிகுந்த வாய்ப்புண்டு என்று அந்த ஆய்வு காட்டியது. கரிம வெளியேற்றம் குறையாவிட்டால் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு. சராசரியாகக் கணக்கிட்டாலே இது அந்த வரம்பை வெகுவாகத் தாண்டிய வேகம்.

காட்டுக்கு எஞ்சியிருக்கும் வழி நிலத்தை நோக்கி நகர்வதுதான். சுரபுன்னை என்னும் அலையாத்தி வகையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீரில் விழுந்து மிதந்து, தனக்கேற்ற மேட்டில் வேரூன்றும். அந்த மேட்டில் கடற்சுவரோ சாலையோ நின்றால், முன்னால் கடலும் பின்னால் சுவருமாகக் காடு நெருக்கப்படுகிறது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும் இந்தத் தீவில் கரைகாப்புச் சுவர்களே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது; நானும் சொல்லவில்லை.

ஆகவே மாற வேண்டியது இலக்கு. அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகம் கையாளும் ஓர் அணுகுமுறை, மாற்றத்தைத் தடுப்பதா, ஏற்பதா, வழிநடத்துவதா என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே முடிவெடுக்கச் சொல்கிறது. சிங்கப்பூரின் புலாவ் தெக்கோங் தீவில் அரிக்கப்பட்ட கரையில் பாறைகளை அடுக்கி அலையாத்திக் கன்றுகளை நட்டது தடுக்கும் வழி. கடலோர மரங்கள் சில மடிந்து அந்த இடம் சேற்றுவெளியாவதை விட்டுவிடுவது ஏற்கும் வழி. வழிநடத்துவதற்குச் சுங்கை பூலோவிலேயே முன்மாதிரி உண்டு: பழைய இறால் குளங்களின் மதகுகளைத் திறந்தும் மூடியும் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி, கடல் ஏறியிருக்கும் நேரத்திலும் வலசை வரும் பவளக்காலிப் பறவைகளுக்குக் கால் ஊன்றச் சேற்றுத்தரை கிடைக்கச் செய்கிறார்கள். மனிதர் கைபடாத இயற்கை என்று நாம் கொண்டாடும் இடம், பல ஆண்டுகளாகவே கவனமாக இயக்கப்பட்டு வருகிறது.

இத்தகைய இலக்கை ஹெக்டர் கணக்கில் மட்டும் அளக்க முடியாது. சேற்றின் அடியாழம் வரை இறக்கிய உலோகத் தண்டை ஆதாரமாக வைத்து, தரை ஆண்டுதோறும் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்று அளந்து, அதைக் கடல்மட்டத்தின் உயர்வோடு ஒப்பிட வேண்டும். தரை பின்தங்கும் இடங்களில், காட்டுக்குப் பின்னால் எந்த நிலம் காலியாக இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபி கரைகாப்புக்காக ஆராயும் பகுதிகளில் சுங்கை காடுட், லிம் சூ காங் சார்ந்த வடமேற்குக் கரையும் ஒன்று. சுங்கை பூலோ இருப்பதும் அங்கேதான். சுவரின் கோடு எங்கே செல்லும் என்று முடிவாவதற்கு முன்பே, காடு பின்வாங்குவதற்கான நிலத்தையும் அந்த வரைபடத்தில் குறித்தாக வேண்டும்.